எங்க பேச்சைக் கேட்டாங்க

டெல்லி வரைக்குமா சார்? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். காலையில இருந்து பாக்குறேன், புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு அதே பக்கத்துலதான் இருக்கீங்க. அதான் பேச்சுக் குடுக்கலாம்னு தோணுச்சு. தப்பா நினைச்சுக்காதீங்க.

எனக்கு ஒட்டன்சத்திரம். பேரு காசிராஜன். மைக்செட் போடுறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், துக்க வீடு எல்லாத்துக்கும் போவேன். பொழப்பு பூரா மத்தவங்க பேச மைக் வச்சுக் குடுத்தவன் சார். நான் அதுல பேசினதெல்லாம் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்", அம்புட்டுதான். அப்படிப்பட்டவன் டெல்லியில பெரிய பெரிய அதிகாரிங்க முன்னாடி உக்காந்து பேசியிருக்கேன்னா நம்புவீங்களா? பேசியிருக்கேன். அதுக்காகத்தான் மறுபடியும் கூப்பிட்டிருக்காங்க.

வக்கீல் ஆபீஸ் சார் கூப்பிட்டது. பயந்துடாதீங்க, என்மேல கேஸ் ஒண்ணும் இல்ல. அது வேற மாதிரி வக்கீல் ஆபீஸ். கன்னாட் பிளேஸ் பக்கத்துல, கண்ணாடிக் கட்டடம். உள்ள போனா ஒருத்தர்கூட கறுப்புக் கோட்டு போடல. கோர்ட்டுக்குப் போற வக்கீலுங்க மேல் மாடியாம். இவங்க கோர்ட்டுக்கே போறதில்ல. அரசாங்கத்துக்கிட்ட போறவங்க. ஒரு கம்பெனிக்கு ஒரு சட்டம் மாறணும், ஒரு வரி குறையணும், ஒரு உத்தரவு வரணும்னா, அதுக்கு யாரைப் பாக்கணும், ஃபைல் எந்த மேசையில தூங்குது, எந்தக் கமிட்டி எப்பக் கூடுது, அவங்களுக்கு என்னன்னு எழுதிக் குடுத்தா படிப்பாங்க, அம்புட்டும் இவங்களுக்கு அத்துப்படி. லஞ்சம் கிஞ்சம்னு நினைக்காதீங்க. நான் பாத்த வரைக்கும் ஒரு கவர்கூட கை மாறல. எல்லாம் பேச்சுதான். யாரு எங்க என்ன பேசணுங்கறதுதான் அவங்க தொழிலு.

நான் எப்படி அங்க போய்ச் சேந்தேன்னு கேக்குறீங்களா? என் மகளாலதான்.

கார்குழலின்னு பேரு. ஒரு பட்டிமன்றத்துக்கு மைக் போட்டிருந்தப்ப ஒரு அம்மா மேடையில அந்த வார்த்தையைச் சொன்னாங்க. என் ஸ்பீக்கர்லயே அது அவ்வளவு அழகாக் கேட்டுச்சு. பொண்ணு பிறந்தா அதான் பேருன்னு முடிவு பண்ணிட்டேன். வீட்ல குழலி. ஒரே புள்ள. ஆறாவது படிக்கறப்ப அடிக்கடி கீழ விழ ஆரம்பிச்சா. விளையாட்டுல விழறான்னு நினைச்சோம். மதுரையில காட்டினப்பதான் தசை கரையுற வியாதின்னு சொன்னாங்க. பேரு நீளமா இருக்கும், எனக்கு இன்னமும் வாயில வராது. கொஞ்சங்கொஞ்சமா காலு, அப்புறம் கை, அப்புறம் நெஞ்சுன்னு போகுமாம். மருந்து இருக்கா டாக்டர்னேன். இருக்கு, ஆனா வெளிநாட்டுலதான் இருக்கு, நம்ம நாட்டுல இன்னும் அனுமதி ஆகல, அனுமதி ஆனாலும் விலையை நம்மளால நெருங்க முடியாது, அரசாங்கமே செலவை ஏத்துக்கற திட்டத்துல சேத்தா உண்டுன்னாரு.

அந்த டாக்டர்தான் எங்க மாதிரிப் பெத்தவங்க இருக்கற ஒரு வாட்ஸப் குரூப்புல சேத்துவிட்டாரு. அதுல என் குரல்ல ரெண்டு மூணு தடவை பேசிப் போட்டேன். தொழில் அதுதானே சார், எவ்வளவு தூரத்துல வாயை வச்சா தெளிவாக் கேக்கும்னு தெரியும். அதைக் கேட்டுட்டுத்தான் டெல்லியில இருந்து மிருதுளா மேடம் போன் பண்ணாங்க.

மிருதுளா மேடம் அந்த ஆபீஸ் வக்கீல். சின்ன வயசு. தமிழ்க் குடும்பம், ஆனா பிறந்து வளர்ந்தது டெல்லி. என்னை அங்கிள், அங்கிள்னுதான் கூப்பிடும். முதல் நாளே சொல்லிருச்சு சார், மறைக்கல. "அங்கிள், ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். அந்த மருந்துக் கம்பெனிதான் எங்க கட்சிக்காரர். நீங்க இல்லை. அனுமதி கேட்டு, திட்டத்துல சேக்கச் சொல்லி அரசாங்கத்துக்கிட்ட போறது கம்பெனிக்காக. உங்களுக்குன்னு தனியா யோசனை வேணும்னா நீங்க வேற வக்கீலைத்தான் கேக்கணும்."

எவ்வளவு பெருந்தன்மை பாருங்க. யாரு சார் இப்படிச் சொல்லுவா?

நான் சொன்னேன், "கம்பெனிக்கு மருந்து விக்கணும், எங்களுக்கு மருந்து வேணும். ரெண்டும் ஒண்ணுதானம்மா?"

மேடம், "கொஞ்ச தூரம் வரைக்கும் ஒண்ணுதான் அங்கிள்"னுச்சு.

என் சம்சாரம் பாண்டீஸ்வரி பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. போனை வச்சதும், "அதுக்கப்புறம்?"னு கேட்டா. எதுக்கப்புறம்னேன். "கொஞ்ச தூரத்துக்கப்புறம்." அவ எப்பவும் அப்படித்தான் சார். நல்ல காரியம் ஆரம்பிக்கறப்ப ஏதாவது சொல்லி வைப்பா.

நானும் குழலியும் பிளேன்ல போனோம். அந்த ஆபீஸ்தான் டிக்கெட் போட்டாங்க. இந்தத் தடவை ரயில் டிக்கெட்டுதான் போட்டிருக்காங்க, பரவாயில்ல, நமக்கு ஆகாசத்துல என்ன வேலை. ஆனா குழலிக்கு அப்ப ஒரே சந்தோசம். மேகத்தைப் பாத்துட்டு, "அப்பா, நம்ம ஊர்ல மழை பெய்யாத மேகமெல்லாம் இங்கதான் நிக்குது"ன்னா. நல்லாப் பேசுவா. வாயாடி. ஏணிப்படியில கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு அவளேதான் ஏறினா, யாரையும் தொட விடல.

அந்த வருசம் மூணு தடவை கூட்டிட்டுப் போனாங்க. ஒரு தடவை எம்.பி.க்களைப் பாத்தோம். ஒரு தடவை டாக்டருங்க கமிட்டி. போறதுக்கு முன்னாடி அந்த ஆபீஸ்ல ஒரு அறையில உக்கார வச்சுப் பழக்குவாங்க. "அங்கிள், நோயைப் பத்தி டாக்டருங்க சொல்லிப்பாங்க. நீங்க காலையில இருந்து ராத்திரி வரைக்கும் உங்க வீட்ல என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. கோவப்பட வேண்டாம். அரசாங்கத்தைக் குறை சொல்ல வேண்டாம். அவங்களால முடியும்னு நம்பி வந்திருக்கீங்கன்னு தெரியணும்." எங்க சத்தம் குறையணும், எங்க நிறுத்தணும், எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. எங்க ஊர்ல எத்தனை பேச்சாளருக்கு மைக் போட்டிருக்கேன், இந்த நுணுக்கம் ஒருத்தருக்கும் தெரியாது சார்.

பாண்டீஸ்வரி ஒவ்வொரு தடவையும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி அனுப்புவா. "அந்தக் கம்பெனிக்காரங்களும் அங்க வருவாங்கல்ல? நம்ம புள்ளைக்கு மட்டுமாவது அந்த மருந்தைக் குடுங்கன்னு கேளுங்க. காலைப் புடிச்சாவது கேளுங்க." நான் கேக்கல சார். எப்படிக் கேக்க முடியும்? நாடு பூரா இருக்கற புள்ளைங்களுக்காகப் பேசுற இடத்துல, எம் புள்ளைக்குன்னு தனியாக் கையேந்தினா அசிங்கமில்லையா? என் பேச்சுக்கு என்ன மரியாதை இருக்கும்? கம்பெனிக்காரரு ஒருத்தர் ஒரே மேசையில எதிர்ல உக்காந்து சாப்பிட்டாரு. சாம்பாரை என் பக்கம் தள்ளி வச்சாரு. நல்ல மனுசன். அவர்கிட்டப் போய் அதைக் கேக்கறதான்னு விட்டுட்டேன். அவளுக்கு அது இன்னும் புரியல.

மூணாவது தடவைதான் பெரிய சந்திப்பு. மார்கழி மாசம். டெல்லியில பனியும் புகையும் கலந்து, எதிர்ல வர்ற ஆளு தெரியல. குழலிக்கு லேசா இருமல் இருந்துச்சு. போக வேண்டாம்னு பாண்டீஸ்வரி வாசல்லயே நின்னா. ஆனா சுகாதார அமைச்சகத்து இணைச் செயலாளர் அம்மா நேரம் குடுக்கறதுக்கு அந்த ஆபீஸ் எத்தனை மாசம் அலைஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். அந்தம்மா கையெழுத்துப் போட்டாத்தான் ஃபைல் மேல போகும். தட்ட முடியுமா சார்?

அமைச்சகத்துக்குக் கிளம்பற நேரம். வக்கீல் ஆபீஸ்ல பெரியவரு கோஸ்லா சார்னு ஒருத்தர், வெள்ளை முடி, சத்தமே போட மாட்டாரு. அவர் ஒரு வீல்சேர் கொண்டாரச் சொன்னாரு. மிருதுளா மேடம் தாழ்வாரத்துல நின்னு அவரோட இங்கிலீஷ்ல என்னமோ பேசிக்கிட்டு இருந்துச்சு. எனக்குப் புரியல. அந்தப் புள்ள முகம் சிவந்து போச்சு, அது மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் எங்கிட்ட வந்து, "அங்கிள், நடை ரொம்ப நீளம், குழலி களைச்சுடுவா, அதோட பாக்கறவங்களுக்கும் நோய் என்னன்னு புரியும்னு சார் சொல்றார். உங்களுக்கு விருப்பம் இல்லேன்னா வேண்டாம். முடிவு நீங்கதான் பண்ணணும்"னுச்சு.

குழலி சொன்னா, "நான் நடந்தே வர்றேம்ப்பா. மெதுவா வர்றேன். செவுத்தைப் புடிச்சுக்கிட்டு வந்துடுவேன்."

நான், "கொஞ்ச நேரந்தானே சாமி, உக்காரு"ன்னேன்.

உக்காந்துட்டா. நல்ல புள்ள சார். சொன்னாக் கேப்பா.

உள்ள ஒரு நீளமான மேசை. அந்தம்மாவும் இன்னும் நாலைஞ்சு அதிகாரிங்களும். முதல்ல கோஸ்லா சார் பேசினாரு, அப்புறம் கம்பெனி டாக்டர். எல்லாரும் போனைப் பாத்துக்கிட்டே கேட்டாங்க. அப்புறம் நான். தமிழ்லதான் பேசினேன், மிருதுளா மேடம் இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டே வந்துச்சு. காலையில எம் புள்ளையை எழுப்பி உக்கார வைக்கறதுல இருந்து ஆரம்பிச்சேன். அவ தலையைச் சீவிவிடறப்ப சீப்புக்கு எதிரா கழுத்து நிக்காதுங்கறதைச் சொன்னேன். சார், ஒருத்தர்கூட போனைத் தொடல. அந்த அறையில ஃபேன் சத்தம்கூட இல்ல. நான் நிறுத்தினப்ப அவங்களும் மூச்சை நிறுத்தினாங்க. அதை எப்படிச் சொல்றது உங்களுக்கு? நான் எத்தனை கூட்டத்துக்கு ஓரமா நின்னு ஒயரைப் புடிச்சவன். அன்னைக்கு நான் பேச, டெல்லி கேட்டுச்சு.

அப்புறம் அந்தம்மா குழலியைப் பாத்துக் குனிஞ்சு கேட்டாங்க, உனக்கு என்ன வேணும்னு. அதுக்கு பதில் பழக்கி வச்சிருந்தோம். "நான் படிச்சுப் பெரியவளாகணும்"னு சொல்லணும். குழலி அதைச் சொல்லல. நேரா அந்தம்மாவைப் பாத்து, "எனக்கு எந்திரிச்சு நிக்கணும். இப்பவே நிப்பேன். பாக்குறீங்களா?"ன்னா. ரெண்டு கையும் வீல்சேர் கைப்பிடியில ஊனிட்டா.

நான் பின்னாடிதான் நின்னேன். தோள்ல கை வச்சேன். அழுத்தவெல்லாம் இல்ல சார். சும்மா வச்சேன். விழுந்துடக் கூடாதேன்னு.

மிருதுளா மேடம் கோஸ்லா சாரை ஒரு தடவை பாத்துச்சு. அப்புறம் இங்கிலீஷ்ல சின்னதா ஒரு வரி சொல்லிச்சு. அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க சார். அந்த ஒரு வார்த்தைதான் ஃபைலை நகத்துச்சுன்னு கோஸ்லா சாரே அப்புறம் எங்கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு.

திரும்பி கார்ல வர்றப்ப குழலி, "அக்கா, நான் சொன்னதை முழுசாச் சொல்லலைல்ல?"ன்னு கேட்டா. இவ இங்கிலீஷ் மீடியம் படிச்சவ. "நிக்க ஆசைப்படுறான்னு மட்டும்தான் சொன்னீங்க. இப்பவே நிப்பேன்னு சொன்னேன்ல, அதை ஏன் சொல்லல?" மிருதுளா மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. நான்தான் அதட்டினேன், "அக்காவுக்குத் தெரியாததா? எங்க எதைச் சொல்லணும்னு அவங்களுக்குத் தெரியும்"னு.

அன்னைக்கு ராத்திரியே காய்ச்சல். ஊருக்கு வந்து நெஞ்சுல சளி கட்டி மதுரையில சேத்தோம். படுக்கையில கிடந்து கிடந்து, எந்திரிச்சப்ப காலு ஊனவே முடியல. அப்புறம் நிக்கவே இல்ல. வியாதி சார் அது. அப்படித்தான் போகும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்கல்ல. பாண்டீஸ்வரி மட்டும் டெல்லி, டெல்லின்னு சொல்லிக்கிட்டே இருப்பா. பெத்த மனசு, யார் மேலயாவது பழி போட்டாத்தான் ஆறும்போல.

சித்திரையில உத்தரவு வந்துருச்சு. மருந்துக்கு அனுமதி, திட்டத்துலயும் சேத்துட்டாங்க. நம்ப முடியுதா? டி.வி.யில சொன்னான். நான் கடையில இருந்து ஓடினேன். வீட்டுக்குள்ள நுழையறேன், மிருதுளா மேடம் போன். குரலே சரியில்ல. "அங்கிள், ஒரு நிபந்தனை இருக்கு. தானா நடக்கறவங்களுக்கு மட்டும்தான். செலவு தாங்காதுன்னு அரசாங்கம் சொன்னாங்க. எல்லாருக்கும் தரணும்னா விலையைக் குறைக்கச் சொன்னாங்க. விலையைத் தொடாம இதுக்குக் கம்பெனி ஒத்துக்கிட்டாங்க. நான் அந்த அறையிலதான் இருந்தேன் அங்கிள்."

அழுதுச்சு அந்தப் புள்ள. நான்தான் தேத்தினேன். "அழாதீங்கம்மா. ஒரு கதவு திறந்திருக்குல்ல. அடுத்தது தன்னால திறக்கும்"னேன்.

குழலி கட்டில்ல படுத்துக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. "நான்தான் அன்னைக்கு நிப்பேன்னு சொன்னேன்ல"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. கோவமா எல்லாம் இல்ல. அப்புறம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. பாண்டீஸ்வரி போய் அவ காலடியில உக்காந்து ரெண்டு பாதத்தையும் மடியில எடுத்து வச்சுக்கிட்டா. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல.

ஐப்பசியில போயிட்டா.

இல்ல சார், பரவாயில்ல. தண்ணி எங்கிட்ட இருக்கு.

காரியம் முடிஞ்ச பிறகு ஒரு நாள் மிருதுளா மேடம் வீட்டுக்கே வந்துச்சு. டெல்லியில இருந்து ஒட்டன்சத்திரத்துக்கு! எங்க தெருவுல எல்லாரும் வந்து பாத்தாங்க. நாற்காலி போட்டேன், உக்காரல. பாண்டீஸ்வரி பக்கத்துல தரையில உக்காந்து, "என்னை மன்னிச்சுடுங்க ஆன்ட்டி"ன்னுச்சு. பாண்டீஸ்வரி, "நீயாவது வந்தியே தாயி"ன்னு சொல்லி அந்தப் புள்ள கையைப் புடிச்சுக்கிட்டா. ரெண்டு பேரும் அழுதாங்க. நான்தான் குறுக்க புகுந்து, "என்னம்மா இது, எதுக்கு மன்னிப்பு? நீங்க ஜெயிச்சுக் குடுத்திருக்கீங்க. உங்களால எத்தனை புள்ளைங்க நடக்கப் போகுது"ன்னு சொன்னேன். என்னை நிமிந்து ஒரு பார்வை பாத்துச்சு சார். என்ன பார்வைன்னு தெரியல. வேலையை விட்டுட்டேன் அங்கிள்னுச்சு. அவ்வளவு நல்ல வேலையை யாராவது விடுவாங்களா?

ஆனா நான் சொன்னது பொய்யில்ல. சேலத்துல ஒரு பையன் அந்த மருந்தை எடுத்துக்கறான். அவங்கப்பா வீடியோ அனுப்பினாரு. பள்ளிக்கூடத்து மைதானத்துல தத்தித் தத்தி ஓடுறான் சார். ஓடுறான்! நான் அதை எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. பாண்டீஸ்வரிகிட்டக் காட்டினேன். அவளும் முழுசாப் பாத்தா. "நல்லா இருக்கட்டும்"னா. மனசாரத்தான் சொன்னா. சொல்லிட்டுப் போய் அடுப்படியில நின்னுக்கிட்டா.

இப்ப அந்த ஆபீஸ்ல வேற ஒருத்தர் கூப்பிட்டாரு. இது வேற கம்பெனி, வேற வியாதி, ரத்தத்துல வர்றதாம். எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையேன்னேன். "இருக்கட்டும், உங்க மாதிரிப் பேச ஆள் இல்ல"ன்னாரு. பாருங்க, என் குரலை ஞாபகம் வச்சிருக்காங்க. எத்தனை பேரைப் பாத்திருப்பாங்க! புள்ளையை இழந்த தகப்பன் பேசினா அதிகாரிங்க மனசுல தைக்கும்னாரு. சரிதானே? நான் போய்ப் பேசினா ஏதாவது ஒரு புள்ள பொழைக்கும்னா போகாம இருக்கலாமா? நீங்களே சொல்லுங்க.

பாண்டீஸ்வரி தடுக்கல. என் சட்டையெல்லாம் மடிச்சு வச்சா, வழிக்குப் புளிசாதம் கட்டினா. ஆனா அவங்க குழலி போட்டோ ஒண்ணு பெருசாக் கொண்டாரச் சொல்லியிருந்தாங்க. அன்னைக்கு அமைச்சகத்து வாசல்ல பேப்பர்காரங்க எடுத்தது, வீல்சேர்ல உக்காந்திருக்கறது. பழனியில குடுத்துப் பெருசாக்கி ஃப்ரேம் போட்டு வாங்கி வந்தேன். அதைப் பாத்ததும்தான் வாசல்ல குறுக்க வந்து நின்னுட்டா. "நீங்க போங்க. எத்தனை தடவை வேணாலும் போங்க. அவளை மறுபடி கூட்டிட்டுப் போகாதீங்க"ன்னா.

போட்டோ சார் அது. போட்டோவைப் போய் இப்படிச் சொன்னா என்ன செய்யறது? பஸ்ஸுக்கு நேரமாச்சு. அவளை ஒதுக்கிவிட்டுட்டு வந்துட்டேன். தெருமுனையில திரும்பிப் பாத்தேன், அதே இடத்துலதான் நின்னா.

பாக்குறீங்களா? உங்க சீட்டுக்கு அடியிலதான் இருக்கு, பெட்சீட்ல சுத்தி வச்சிருக்கேன். இல்ல, இல்ல, நீங்க எந்திரிக்க வேண்டாம். காலை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்க சார், அவ மேல படாம.